பனியன் வந்த வழி

கோயமுத்தூரில் வேலைக்குப் போகிறவர்கள் மில்லுக்குப் போனார்கள். அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர் கிழக்கே, திருப்பூரில், நாங்கள் கம்பெனிக்குப் போனோம். எந்தக் கம்பெனி என்று யாரும் கேட்டதில்லை. கல்யாண வீட்டில் வெளியூர்ச் சொந்தக்காரர்கள் விசாரித்தால் மட்டும் முன்னால் ஒரு சொல் சேர்த்துக்கொள்வோம்: பனியன் கம்பெனி.

என் அம்மா செக்கிங். பெரியம்மா கைமடி. அக்கா பள்ளிக்கூடத்தை விட்டு நின்றதும் பிசிர் வெட்டப் போனாள். தைத்து வந்த உருப்படியைப் பலகைமேல் விரித்து, நூல் விட்ட இடம், ஊசி குத்திய ஓட்டை, மிஷின் எண்ணெய் பட்ட கறை எல்லாம் கண்ணால் தேடிப் பிரிப்பது செக்கிங். டெய்லருக்குப் பக்கத்தில் இருந்து துண்டுகளை மடித்து எடுத்துக் கொடுப்பது கைமடி. தையலில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை நறுக்குவது பிசிர் வெட்டுதல். ஓவர்லாக், பேட்லாக், சிங்கர், காஜா, டேமேஜ், அடுக்கிக் கட்டுதல் என்று எங்கள் வீட்டுச் சாப்பாட்டுப் பேச்சே இந்தச் சொற்களால் ஆனது. அவற்றில் பாதி ஆங்கிலம் என்பதும், பட்டன் துளைக்குச் சொல்லும் காஜா போர்ச்சுகீசியர் விட்டுப்போனது என்பதும் அங்கே யாருக்கும் தெரியாது. தெரியாமலே அவை எங்களுடையவையாக இருந்தன. அம்மா அவற்றை நாக்கில் வைத்திருந்த விதத்தைக் கேட்டால், சீமையில் பிறந்த சொற்கள் என்று யாரும் நம்பமாட்டார்கள்.

இன்று அதே தெருக்களில் நடந்தால் பெயர்ப்பலகைகளில் பனியன் என்ற சொல்லைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. கார்மென்ட்ஸ், நிட்வேர், அப்பேரல்ஸ், குளோபல், இன்டர்நேஷனல் என்று எழுதுகிறார்கள். அப்பாவின் பெயரில் பனியன் கம்பெனி நடத்தியவரின் மகன், அதே கட்டடத்தில், அதே வாசலில், பலகையை மட்டும் மாற்றியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். தொழில் மாறிவிட்டது, பெயரும் மாறுகிறது, இதில் என்ன என்று கேட்கலாம். எனக்கு இதில் வருத்தம் உண்டு. இந்தச் சொல் எவ்வளவு தூரம் கடந்து இந்த ஊருக்கு வந்து சேர்ந்தது என்று தெரிந்த ஒருவருக்கு அதைக் கழற்றி எறிய மனம் வராது. இவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அன்றைய பனியன் தைப்பதற்கு முன்பே பாதி பனியன். நிட்டிங் மிஷின் வட்டமாகச் சுற்றும். ஊசிகள் நூலை வாங்கிப் பின்னப் பின்ன, அடியில் துணி குழாயாக இறங்கும். அந்த மிஷினின் விட்டத்தை வைத்தே போடுகிறவரின் மார்பளவு. பையன்களுக்குச் சின்ன விட்டம், பெரிய ஆட்களுக்குப் பெரிய விட்டம். அதனால் பழைய பனியனுக்குப் பக்கத் தையலே கிடையாது. கழுத்தையும் கையையும் வெட்டி, தோளைச் சேர்த்து, ஓரத்தை மடித்து அடித்தால் முடிந்தது. அளவு சென்டிமீட்டரில்: 75, 80, 85, 90. இன்றும் வெள்ளைப் பனியன் அட்டைப்பெட்டியில் அந்த எண்கள்தான் இருக்கின்றன. டி-ஷர்ட்டுக்கு மட்டும் எஸ், எம், எல் என்ற எழுத்துகள்.

கை இல்லாதது முண்டா பனியன். கை வச்ச பனியன் வேறு. அது தோட்டங்காடு வைத்திருந்த பெரியவர்களின் உடை. என் அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, சட்டை போட்டு நான் பார்த்தது கோயில் நோம்பிக்கும் கல்யாணத்துக்கும்தான். மற்ற நாளெல்லாம் வேட்டி, தோளில் துண்டு, முன்பக்கம் பாக்கெட் வைத்த கை பனியன். பாக்கெட்டில் பஸ் டிக்கெட்டும் சில்லறையும் பீடிக்கட்டும் இருக்கும். பல்லடம் சந்தைக்கு மாடு பிடிக்கப் போனாலும் அதேதான். அந்த வெள்ளை மெல்ல மெல்லச் செம்மண் நிறத்துக்கு வந்தபின் புதிதாக ஒன்று வாங்குவார். அவருக்குப் பனியன் உள்ளாடை கிடையாது. அதுதான் மேலாடை. இந்த விஷயத்தில் என் அப்புச்சி, இருநூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய லண்டன் கனவான்களின் பக்கம் இருந்தார். அந்தக் கதைக்கு வருகிறேன்.

பள்ளியில் ஆங்கிலப் பாடத்தில் 'பனியன் ட்ரீ' வந்தது. ஆலமரம் என்று வாத்தியார் பொருள் சொன்னார். வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் யாராவது கம்பெனிக்குப் போகிறவர்கள். "ஏனுங் சார், ஆலமரத்துக்கும் பனியனுக்கும் என்னங் சம்பந்தம்?" என்று ஒருவன் கேட்டான். எழுத்து வேறு, சம்பந்தம் இல்லை என்று வாத்தியார் சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தார். உண்மையில் சம்பந்தம் இருக்கிறது. பையன் கேட்டது நல்ல கேள்வி. வேலை கிடைத்துக் கோயமுத்தூருக்குப் போன பிறகு, நூலகம் ஒன்றில் யூல், பர்னெல் என்ற இருவர் 1886-இல் வெளியிட்ட 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியைப் புரட்டும்போது விடை கிடைத்தது. இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர்கள் தங்கள் பேச்சில் கலந்துகொண்ட சொற்களுக்கான அகராதி அது. அதில் பனியனுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பதிவுகள். முதல் பொருள் துணியும் இல்லை, மரமும் இல்லை. வியாபாரி.

குஜராத்தில் வியாபாரம் செய்யும் வகுப்பாரை 'வாணியோ' என்பார்கள். வணிகன் என்ற சொல்லோடு ஒரே குடும்பம். குஜராத் வணிகர்கள் அரபிக்கடலின் எல்லாத் துறைமுகங்களிலும் இருந்தார்கள். அரபிகள் அவர்களைப் 'பன்யான்' என்றார்கள். போர்ச்சுகீசியர் அதை வாங்கிக்கொண்டார்கள். அவர்களிடமிருந்து 16ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் ஆங்கிலத்துக்குப் போயிற்று. இப்படிக் கை மாறி மாறி வந்ததில் வகரம் பகரமாகி, வாணியோ பனியன் ஆகிவிட்டது.

மரத்துக்குப் பெயர் வந்தது பாரசீக வளைகுடாவில். இன்று பந்தர் அப்பாஸ் என்று சொல்லப்படும் துறைமுகத்துக்கு அருகே ஒரு பெரிய ஆலமரம் இருந்தது. அதன் நிழலில் நம் நாட்டு வணிகர்கள் சின்னதாகக் கோயில் கட்டிக் கும்பிட்டு வந்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் அந்த வழியாகப் போன ஐரோப்பியப் பயணிகள் அதைப் பனியன்களின் மரம் என்று எழுதிவைத்தார்கள். பிறகு உலகத்தில் உள்ள ஆலமரம் எல்லாமே அவர்கள் வாயில் பனியன் மரம். வியாபாரிகள் புலால் உண்ணாதவர்கள் என்பதால், கப்பலில் மாமிசம் கொடுக்காத நாளுக்கு ஆங்கிலேய மாலுமிகள் 'பனியன் நாள்' என்று பெயர் வைத்தார்கள். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனித் துரைகளுக்கு வரவுசெலவு பார்த்து, கடன் வாங்கிக் கொடுத்து, வியாபாரம் முடித்துக் கொடுத்த உள்ளூர்த் தரகருக்கும் பனியன் என்றே பெயர். வாரன் ஹேஸ்டிங்ஸின் பனியன் காந்து பாபு அங்கே பெரிய புள்ளி. அந்த வேலையைச் சென்னையிலும் புதுச்சேரியிலும் செய்தவர்களைத்தான் துபாஷி என்றோம்.

இனி லண்டன் கனவான்கள். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தில் வசதியுள்ள ஆண்கள் வீட்டில் இருக்கும்போது இறுக்கமான கோட்டைக் கழற்றிவிட்டுத் தளர்வான நீண்ட அங்கி ஒன்றை மாட்டிக்கொண்டார்கள். கீழை நாட்டு வியாபாரி உடுத்துவதுபோல் இருந்ததால் அதற்குப் பனியன் என்று பெயர். படிப்பாளிகளுக்கு அது பிடித்த உடை. ஐசக் நியூட்டனை அப்படியொரு அங்கியோடு வரைந்த ஓவியம்கூட உண்டு. அந்த அங்கிகளில் பல நம் சோழமண்டலக் கரையில் பூ எழுதி, சாயம் தோய்த்து, கப்பலேற்றிய துணியில் தைத்தவை. லண்டனில் உள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இன்றும் அவற்றைப் பார்க்கலாம். திருப்பூர் பிறப்பதற்கு முன்பே தமிழ்நாட்டுத் துணி பனியனாகி ஐரோப்பாவுக்குப் போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறது. இதைப் படித்த அன்று நான் பட்ட சந்தோஷம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரர்கள் அந்தப் பெயரை மேலங்கியிலிருந்து உள்ளாடைக்கு இறக்கினார்கள். உடம்போடு ஒட்டியிருக்கும் மெல்லிய மஸ்லின் சட்டை முதலில் பனியன் ஆயிற்று. பின்னல் துணி வந்தபிறகு, இழுத்தால் விரிந்து விட்டால் சுருங்கும் உள்சட்டைக்கு அந்தப் பெயர் நிலைத்தது. 'ஹாப்சன்-ஜாப்சன்' இதைத் தெளிவாகப் பதிந்திருக்கிறது. பிறகு இங்கிலாந்தில் அந்தச் சொல் மறைந்து போயிற்று. அங்கே அதற்கு வெஸ்ட் என்று பெயர். பனியன் நம்மிடம் தங்கிவிட்டது. இந்திக்காரர்கள் பனியான் என்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் பெனியன். ஆங்கிலேயர் மறந்துவிட்ட ஆங்கிலச் சொல்லை வைத்து ஒரு ஊரே சோறு தின்றிருக்கிறது.

வணிகன் என்பது நமக்குப் புதிதான சொல்லும் கிடையாது. கரூருக்குப் பக்கத்தில் புகலூர் மலைக்குகையில் கருவூர்ப் பொன் வாணிகன் ஒருவன் செய்து கொடுத்த கொடையைத் தமிழ் பிராமி எழுத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள். சங்கப் புலவர்களில் ஒருவர் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார். அறுவை என்றால் துணி. நொய்யல் ஆற்றங்கரையில் கொடுமணலைத் தோண்டியபோது மணி கோத்தவர்களும் இரும்பு உருக்கியவர்களும் நூல் நூற்றவர்களும் வாழ்ந்த ஊர் வெளியே வந்தது. இந்தக் கொங்கு நாட்டின் வழியாகத்தான் மேலைக்கடலுக்கும் கீழைக்கடலுக்கும் நடுவே சரக்கு போய் வந்தது. ரோமாபுரிக் காசுகள் இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் புதையலாகக் கிடைத்தது அதனால்தான். வாணிகனும் துணியும் ஒரே ஆற்றங்கரையில் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே சந்தித்துவிட்டார்கள். குஜராத், அரபு, போர்ச்சுகல், லண்டன், கல்கத்தா எல்லாம் சுற்றிவிட்டு அதே நொய்யல் கரைக்கு அந்தச் சொல் துணியாக வந்து சேர்ந்திருக்கிறது.

கல்கத்தாதான் நமக்கு முன்னோடி. பின்னல் மிஷின்கள் அங்கே 19ஆம் நூற்றாண்டிலேயே ஓட ஆரம்பித்துவிட்டன. 1925 வாக்கில் குலாம் காதர் என்பவர் திருப்பூரில் முதல் பனியன் கம்பெனியைத் தொடங்கினார் என்பது ஊரில் வழங்கும் வரலாறு. அன்றைய திருப்பூர் பஞ்சுச் சந்தைக்கும் கதருக்கும் பெயர் போனது. 1932 ஜனவரியில் கொடி பிடித்துத் தடியடி பட்டுக் குமரன் உயிர் விட்ட ஊர். அதே ஆண்டில் பைக்காரா மின்சாரம் மலையிலிருந்து இறங்கியது. கோயமுத்தூரில் மில்கள் பெருகின, திருப்பூருக்கு நூல் பக்கத்திலேயே கிடைத்தது. கையால் சுற்றிய மிஷின்கள் மோட்டாருக்கு மாறின.

முதலாளிகள் 1956-இல் சங்கம் வைத்தபோது பெயரில் ஹொசைரி என்ற சொல்லைச் சேர்த்தார்கள். ஹோஸ் என்றால் ஆங்கிலத்தில் காலுறை. 1589-இல் வில்லியம் லீ என்ற இங்கிலாந்துப் பாதிரியார் காலுறை பின்ன ஒரு பொறி கண்டுபிடித்தார், உலகத்தின் பின்னல் மிஷின்களுக்கெல்லாம் அதுதான் மூதாதை. காலுறையை விட்டு மிஷின் எங்கெங்கோ போய்விட்டாலும் பெயர் அதைத் துரத்திக்கொண்டே வந்திருக்கிறது. ஜெர்சி அதைவிட எனக்குப் பிடித்தது. பனியன் துணிக்குத் தொழிலில் சிங்கிள் ஜெர்சி என்று பெயர். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே உள்ள ஜெர்சி என்ற சின்னத் தீவில் கம்பளி பின்னுகிறவர்கள் இருந்தார்கள், அவர்கள் பின்னியதிலிருந்து துணிக்கு அந்தப் பெயர். அதே தீவிலிருந்து வந்த மாட்டு இனம்தான் நம் கொங்குத் தோட்டங்களில் கட்டியிருக்கும் ஜெர்சி மாடு. எங்கள் ஊர் முதலாளிகளில் பலர் தோட்டத்தை விற்றோ அடமானம் வைத்தோ மிஷின் வாங்கிய கவுண்டர்கள், அவர்களிலும் பலர் மிஷினில் கை பழகி மேலே வந்தவர்கள். காலையில் ஜெர்சியிடம் பால் கறந்துவிட்டுக் கம்பெனிக்கு வந்து ஜெர்சி ஓட்டியவர்கள் இருந்தார்கள். இரண்டும் ஒரே ஊர்ப் பெயர் என்று அவர்களில் ஒருவருக்காவது யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

பனியன் என்ற சொல்லை மிக இறுக்கமாகப் பிடித்துக்கொண்டவர்கள் தொழிலாளர்கள். தொழிற்சங்கங்களின் பெயரில் இன்றும் அது இருக்கிறது. 1984-இல் பஞ்சப்படி கேட்டு நடந்த வேலைநிறுத்தம் 127 நாள் நீடித்தது. திருப்பூரில் அந்த வயதுக்காரர்களைக் கேட்டால், வருஷத்தைச் சொல்லாவிட்டாலும் அந்த நாள் கணக்கைச் சொல்வார்கள். மளிகைக் கடைகளில் கடன் எழுதியே ஓடியது. எங்கள் வீட்டில் அந்தச் சமயத்தில் அம்மா கிராமத்துக்குப் போய்க் களை வெட்டினார். பஞ்சப்படி என்ற சொல்லின் அர்த்தம் எனக்கு அகராதி பார்க்காமலே தெரிந்தது அப்போதுதான். சம்பள ஒப்பந்தம் போடும்போதெல்லாம் செய்தித்தாள்களில் 'பனியன் தொழிலாளர்' என்றே அச்சாகும். ஒப்பந்தத்தில் கட்டிங், டெய்லர், செக்கிங், கைமடி என்று வேலை வாரியாகத் தொகை எழுதுவார்கள். அம்மாவும் பெரியம்மாவும் பேசிய சொற்கள் எழுத்தில் ஏறியது அந்தத் தாள்களில்தான். இலக்கியத்தில் அவை போதுமான அளவு ஏறவில்லை என்ற குறை எனக்கு உண்டு.

1970களின் கடைசியில் வெரோனா என்ற இத்தாலிக்காரர் வெள்ளை டி-ஷர்ட் தேடித் திருப்பூருக்கு வந்தார் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். ஏற்றுமதி அங்கே தொடங்கியது. டி-ஷர்ட் என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் அப்போது அறுபது வயதுதான். அமெரிக்க எழுத்தாளர் ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டு 1920-இல் எழுதிய நாவலில் அது அச்சேறியதை அகராதிக்காரர்கள் காட்டுகிறார்கள். விரித்தால் டி எழுத்துப் போல் இருப்பதால் அந்தப் பெயர். அமெரிக்கக் கப்பற்படையினர் சட்டைக்குள் போட்ட உள்ளாடை அது. என் அப்புச்சியின் கை வச்ச பனியனையும் விரித்துப் பார்த்தால் அதே டி தான்.

ஏற்றுமதி பெருகிய 1980களில் வேறொரு காட்சி. அனுப்ப முடியாமல் கழிந்த சரக்கு திருப்பூர் காதர்பேட்டைக் கடைகளுக்கு வரும். அங்கிருந்து சுற்றுவட்டாரக் கிராமமெல்லாம் பரவும். ஏர் ஓட்டுகிறவர், பால்காரர், பஞ்சாயத்துத் தண்ணீர் திறந்துவிடுகிறவர் என்று எல்லோர் மார்பிலும் ஏதோ ஒரு ஐரோப்பிய மொழி. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று போட்டவருக்கும் தெரியாது, பார்க்கிறவருக்கும் தெரியாது. என் மாமா ஒருவர் ஜெர்மன் எழுத்து அடித்த மஞ்சள் பனியனை வருஷக்கணக்கில் போட்டிருந்தார். அவர் அதைப் பனியன் என்றார், அதைத் தைத்த பெண்ணும் பனியன் என்றாள். பெட்டியில் ஏறும்போது மட்டும் அது டி-ஷர்ட்.

டி-ஷர்ட்டோடு சாயம் வந்தது. வெள்ளைப் பனியனை வெளுத்தால் போதும். அந்த வெளுப்பும் தண்ணீரைக் கெடுக்கத்தான் செய்தது. ஆனால் வெளிநாட்டு ஆர்டர்கள் கேட்ட சிவப்பும் நீலமும் கறுப்பும் நொய்யலில் அப்படியே இறங்கின. விவசாயத்துக்கென்று 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் தொட்டியாகிவிட்டது. கீழே கிணறுகள் உப்பேறின, தென்னை காய்க்கவில்லை, மாடு அந்தத் தண்ணீரைக் குடிக்கவில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத சுத்திகரிப்பு இருந்தால்தான் திறக்கலாம் என்று ஆணை. இப்போது பட்டறைகள் அந்த முறையில்தான் ஓடுகின்றன, அதற்காகத் தொழிலில் இருப்பவர்கள் பெரும் செலவு செய்திருக்கிறார்கள். ஆறு திரும்பி வந்துவிட்டதா என்று கேட்டால், நொய்யல் பாலத்தில் நின்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். வாணிகன் வந்த ஆறு அது.

இன்று திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி ஆண்டுக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய். வேலைக்கு ஆள் வேண்டும் என்ற நோட்டீஸ் தமிழிலும் இந்தியிலும் ஒட்டப்படுகிறது. பீகார், ஒடிசா, ஜார்கண்ட், வங்காளத்திலிருந்து ரயிலில் பிள்ளைகள் வந்து இறங்குகிறார்கள். அவர்கள் ஊர்களில் பனியனுக்குக் கஞ்சி என்று பெயர், நம் கஞ்சியைப் போல இல்லாமல் முதல் எழுத்தை அழுத்தி உச்சரிப்பார்கள். புதிதாக வந்த ஒரு பீகார்ப் பையன் கஞ்சி எங்கே வைக்கட்டும் என்று கேட்க, கட்டிங் மாஸ்டர் தூக்குப்போசியைக் காட்டியதாக அக்கா சொல்வாள். அந்தச் சொல் வங்காளத்தின் கெஞ்சி. கெஞ்சி, ஜெர்சிக்குப் பக்கத்துத் தீவான கெர்ன்சியின் பெயர். அங்கேயும் மீனவர்களுக்குக் கம்பளிச் சட்டை பின்னினார்கள், அந்தப் பெயர் கல்கத்தா வழியாகப் பாட்னா வரை போயிருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு தீவுகள் ஆயிரக்கணக்கான மைல் தள்ளித் திருப்பூரில் ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கின்றன: துணி ஜெர்சி, பையன் வாயில் கெர்ன்சி. சில மாதங்களில் அந்தப் பையனும் பனியன் என்றே பேசப் பழகிவிட்டான். உள்ளூர்க்காரர்கள் பலகையிலிருந்து இறக்கிய சொல்லை வெளியூர்ப் பிள்ளைகள் எடுத்துப் பேசுகிறார்கள். இவர்களுக்கு நல்ல அறையும் நல்ல கூலியும் இந்த ஊர் கொடுக்க வேண்டும். 127 நாள் பட்டினி கிடந்து வாங்கிய ஒப்பந்தம் இவர்களுக்கும் சேர்த்துத்தான்.

அக்கா மகன் பெரிய ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறான். பிசிர் வெட்டியவளின் மகன், பி.டெக். படித்தவன். போன பொங்கலுக்கு வந்திருந்தபோது என் பேச்சைக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னான்.

"மாமா, நீங்க இன்னும் பனியன் பனியன்னே சொல்றீங்க. நாங்க பனியனே பண்றதில்லீங்க. எல்லாம் ஃபேஷன் கார்மென்ட்ஸ்."

"உன் வேலைக்கு என்ன பேரு மாப்ளே?"

"மெர்ச்சண்டைசருங்க. பையர்கிட்ட பேசி, ரேட் முடிச்சு, சாம்பிள் அனுப்பி, ஆர்டர் கப்பலேர்ற வரைக்கும் நாந்தான் பாக்கோணும்."

வெள்ளைக்காரனிடம் பேசி, விலை முடித்து, சரக்கைக் கப்பலேற்றிக் கொடுப்பவருக்குக் கல்கத்தாவில் என்ன பெயர் என்று அவனுக்கு விளக்கிச் சொன்னேன். வாணியோவையும் அறுவை வாணிகனையும் சொன்னேன். மெர்ச்சண்ட் என்றாலும் அதே பொருள்தான் என்றேன். "இந்த ஊருல துணியோட பேரும் பனியன், உன் வேலையோட பேரும் பனியன். ரெண்டும் ஒரே எடத்துல வந்து நிக்கறது உன்கிட்டத்தான் கண்ணு."

அவன் போனை எடுத்துத் தேட ஆரம்பித்தான். கொஞ்ச நேரம் படித்தான். அக்கா அடுப்படியிலிருந்து, "அவன் சொல்றது நெசமாடா?" என்று கேட்டாள்.

"நெசந்தாம்மா, போட்டிருக்குது. ஆனா மாமா, நாளைக்குக் காலைல ஒரு மெயில் அனுப்போணும். கை இல்லாத மாடல். நாங்க டேங்க் டாப்புன்னு போடறோம். நீங்க என்னன்னு போடுவீங்க?"

"முண்டா பனியன்."

"முண்டா பனியன்னு போட்டா அவங்களுக்கு எப்படீங்க புரியும்?"

"முண்டா மட்டும் நீ வெளக்கிச் சொல்லு. பனியன் அவங்க அகராதிலயே இருக்குது. எடுத்துப் பாக்கச் சொல்லு."